ஊர் கூடினால் தேர் ஓடும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



"வறுமையை நீக்குவதில் ஊரின் பல துறையினரும் எவ்வாறு ஒத்துழைக்கலாம்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் என்னைப் பணித்தபோது நான் சற்றே தயங்கினேன். வறுமையைப் பற்றிப் பேச இருபத்திரண்டு வயதுப் பல்கலைக்கழக மாணவனுக்கு என்ன தகுதி உண்டு என்பது ஒரு தயக்கம். இத்தகைய தலைப்பிலே மேடையேறுவோர் பெரும்பாலும் "ஒற்றுமை வேண்டும்" என்று கூறி இறங்கிவிடுகின்றனர். நானும் அவ்வாறே செய்தால் உங்கள் பொழுதை வீணாக்கியவனாவேன் என்பது மற்றொரு தயக்கம். ஆகையால், பொதுப்பட ஒன்றுங் கூறாது, நான் கண்ட ஒரு வீட்டிலிருந்து தொடங்குகின்றேன்.

சென்ற விடுமுறையிலே நானும் என் வகுப்புத் தோழர் சிலரும் வன்னியிலே ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தோம். சிறுவர்க்கு மாலை வகுப்பு நடத்துவது எங்கள் நோக்கம். அங்கே, போரிலே கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளுடன் வாழும் ஒரு தாயின் வீட்டுக்குப் போனோம். அவ்வீட்டுக்கு உதவி செய்வார் இல்லை என்று எவரும் சொல்லமுடியாது. ஓர் ஆலயத்தார் அரிசி கொடுத்திருந்தனர். ஒரு தொண்டு நிறுவனத்தார் கோழிக்குஞ்சுகளும் கூடும் கொடுத்திருந்தனர். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் பாடசாலை மூலமாகப் புத்தகப்பை அனுப்பியிருந்தனர். வேறிரண்டு அமைப்பினரும் புத்தகப்பையே கொடுத்திருந்தனர். கோழிக்கூடு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. காரணத்தைக் கேட்டேன்.

"தம்பி, கோழி முட்டையிட மாசக்கணக்குச் செல்லும். லோன்காரர் செவ்வாய்க்கிழமை எண்டால் வாசலிலை வந்து நிப்பினம். என்ன செய்ய? வித்துக் கட்டிப்போட்டன்" என்றார் அந்தத் தாய். பின்பு, சுவரிலே தொங்கிய பைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "பை மூண்டு இருக்குது தம்பி, கொப்பிதான் இல்லை" என்றார்.

சபையோரே, நான் இன்று சொல்லவந்தது முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களுள் அடங்கிவிட்டது. அந்த வீட்டுக்குக் குறைவாயிருந்தது இரக்கம் அன்று. இரக்கம் மூன்று பைகளாய்ச் சுவரிலே தொங்கிற்று. ஆலயத்தாருக்குத் தொண்டு நிறுவனத்தார் செய்தது தெரியாது. தொண்டு நிறுவனத்தாருக்கு அவர் பட்ட கடன் தெரியாது. கொடுத்தவர் எவரும் ஒருவரோடொருவர் கூடிப் பேசியதில்லை. எல்லாரினும் மேலாக, அந்தத் தாயிடம் "உமக்கு எது வேண்டும்?" என்று எவரும் கேட்டதில்லை. ஆதலால் கொடுக்கப்பட்டதெல்லாம் ஓட்டைக் குடத்திலே வார்த்த நீராயிற்று. அந்த ஓட்டையின் பெயர் கடன்.

அவர் ஒருவர் நிலைமை மட்டும் இதுவன்று. 2009 ஆம் ஆண்டு போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் வீடு வீடாய்ச் சென்றன. பெண்களைக் குழுக்களாக்கி, ஒருவர்க்கொருவர் பிணை நிற்கச்செய்து, கிழமைதோறும் தவணை அறவிட்டன. ஒரு கடனைத் தீர்க்க மற்றொரு கடன் என்று அது சங்கிலியாய் நீண்டது. 2016 ஆம் ஆண்டில் இத்துறைக்கென ஒரு சட்டம் வந்தது. 2018 ஆம் ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்பட்ட பெண்களுக்கு அரசாங்கம் கடன் நிவாரணம் அறிவித்தது. நல்லதே. ஆயினும் அது பழைய கடனை அழித்ததேயன்றிப் புதிய கடன் வாங்கவேண்டிய காரணத்தை அழிக்கவில்லை. அதன்பின் 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி வந்தது. 2021 இல் இந்நாட்டிலே நூற்றுக்கு 13 பேர் வறியராயிருந்தனர் என்றும், 2022 இல் அத்தொகை 25 ஆயிற்று என்றும் உலக வங்கி கணித்தது. ஒரே ஆண்டில் இரட்டிப்பு! இப்பெருஞ்சுமையை ஓர் ஆலயமோ, ஒரு பாடசாலையோ, ஒரு பிரதேச செயலகமோ தனித்து நின்று தூக்கமுடியுமா? தனிமரம் தோப்பாகாது.

கூடிச் செய்தல் எமக்குப் புதிய வித்தை அன்று. நான் படித்தது ஒரு மிஷன் பாடசாலை. காலையிலே அங்கே ஜெபம், மாலையிலே வீட்டில் தேவாரம். இரண்டுக்கும் நடுவே வளர்ந்த எனக்கு, ஆறுமுக நாவலரும் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலே பயின்று அங்கேயே கற்பித்தவர் என்பதை அறிந்தபோது பெரியதோர் ஆறுதல் உண்டாயிற்று. அவரை நாம் வசன நடைக்காகவும் சைவப் பாடசாலைகளுக்காகவும் நினைக்கின்றோம். 1876, 1877 ஆம் ஆண்டுகளிலே பஞ்சமும் கொள்ளைநோயும் யாழ்ப்பாணத்தை வாட்டியபோது, ஊராரிடம் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தியவரும் அவரே. மறுபுறத்தில், 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே நோயாளரைப் பார்த்ததோடு நில்லாது, எம்மவர்க்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கு நூல்களும் ஆக்குவித்தார். சமயத்தால் இவ்விருவரும் இரு துருவங்கள். ஆனால் பசிக்கும் பிணிக்கும் எதிரே இருவரும் செய்தது ஒன்றே: கையிலுள்ளதை ஊரின் கையோடு சேர்த்தது.

அதன்பின் கூட்டுறவு வந்தது. இலங்கையிலே கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் 1911 ஆம் ஆண்டு பிறந்தது. அதன் நோக்கம் யாது? வட்டிக்காரரின் பிடியிலிருந்து கமக்காரரை மீட்பதே. அன்று வட்டிக்காரர் திண்ணையில் இருந்தார். இன்று மோட்டார் சைக்கிளில் வருகின்றார். வேறுபாடு அவ்வளவே! 1929 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தார் தமக்கெனக் கூட்டுறவு மாகாண வங்கி அமைத்தனர். 1930 களின் நடுப்பகுதியில் மூளாயிலே ஊரவர் ஒன்றுசேர்ந்து கூட்டுறவு வைத்தியசாலை ஒன்றையே நிறுவிவிட்டனர். அரசாங்கம் கட்டித்தரும் என்று காத்திராமலும், எவரோ ஒரு செல்வந்தர் தருமஞ் செய்வார் என்று பார்த்திராமலும், தாமே அங்கத்தவராகி எழுப்பிய வைத்தியசாலை அது.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் தொட்டது பனைமரத் தொழிலாளரின் கதையாகும். தவறணைக் குத்தகைக்காரரிடம் உழைப்பின் பயனைப் பறிகொடுத்து நின்ற சீவல் தொழிலாளர்கள் 1970 களிலே தம் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துக்கொண்டனர். தாம் இறக்கிய கள்ளைத் தம் சங்கத்துக்கே கொடுத்தனர்; அதில் ஒரு சிறு பங்கு சேமிப்புக்கும் நலநிதிக்கும் போயிற்று. மதுவிலக்கை விரும்பும் பெரியோர் இங்கே இருக்கின்றீர்கள் என்பதை அறிவேன். நான் புகழ்வது கள்ளை அன்று, கணக்கை. மரத்திலே ஏறித் தினந்தோறும் உயிரைப் பணயம் வைத்தவர்கள், தம் உழைப்பின் கணக்கைத் தாமே வைத்துக்கொள்ளக் கற்றனர். எம்மிடையே கூட்டுறவைச் செவ்வனே செய்துகாட்டியோருள் இவர்களும் உளர்.

அன்பர்களே, இவ்விடத்தில் கசப்பான ஓர் உண்மையைச் சொல்லாமற் போனால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆகேன். இத்தொழிலாளரின் சமூகத்தவர் உட்பட ஒடுக்கப்பட்டோரை எம் ஆலயங்கள் பல நெடுங்காலம் வாயிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தன. 1968 ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடவேண்டியிருந்தது. அது பழங்கதை என்று ஆறுதல் கொள்ளவும் முடியவில்லை. 2018 ஆம் ஆண்டிலே தென்மராட்சியில் ஓர் ஆலயத் தேரைப் பெக்கோ இயந்திரங்கொண்டு இழுத்த காட்சியைப் பலரும் பார்த்தோம். ஒடுக்கப்பட்ட மக்கள் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே அவ்வாறு செய்தனர் என்று செய்திகள் கூறின. ஊர் கூடினால் தேர் ஓடும் என்பது எம் பழமொழி. ஊர் கூடக்கூடாது என்பதற்காக இயந்திரத்தைக் கொணர்ந்த ஊரிலே, வறுமையை நீக்க எந்தத் துறையினர் எந்தத் துறையினரோடு ஒத்துழைப்பது? வறியவர் பெரும்பாலும் எவர் என்று எண்ணிப் பாருங்கள். எவரை வடத்தில் கைவைக்க விடவில்லையோ அவருட் பலரே உதவிப் பட்டியலிலும் இருக்கின்றனர். ஒத்துழைப்பு என்பது கொடுப்போர் நால்வர் கூடிப் பேசுவது மட்டும் அன்று. வாங்குவோர் எனப்படுவோரும் அதே பாயில் இருந்து பேசுவதே ஒத்துழைப்பு.

இனி, செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுகின்றேன்.

முதலாவது, ஒரு பாயும் ஒரு கொப்பியும். பூரணை தினம் யாவர்க்கும் விடுமுறை. மாதந்தோறும் அன்று சனசமூக நிலையத்திலே ஆலய பரிபாலன சபையார், பாடசாலை அதிபர், கூட்டுறவுச் சங்க முகாமையாளர், கிராம அலுவலர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தார் ஆகியோர் கூடுக. அவர்களுக்குச் சமமான தொகையில், கடனும் கூலியும் எவை என்பதைப் பட்டறிந்தவர்களும் இருக்கவேண்டும். எவ்வீட்டுக்கு எது கொடுக்கப்பட்டது, எது வேண்டும் என்பன ஒரே கொப்பியில் எழுதப்படட்டும். அக்கொப்பி மேடையிலே வாசிக்கப்படலாகாது. வறியவர்க்கும் மானம் உண்டு. இவ்வளவு செய்தாலே மூன்று பைகள் ஒரு பையும் பத்துக் கொப்பிகளுமாக மாறிவிடும்.

இரண்டாவது, ஓட்டையை அடைத்தல். ஊரிலே சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கம் உறங்கிக் கிடந்தால் அதனை எழுப்புக. ஆலய நிதியிலே உடனடிச் செலவில்லாத பகுதியையும், வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியையும், சட்டமும் துணைவிதியும் இடந்தருமளவில், அச்சங்கத்திலே நிலையான வைப்பாக இடலாம். இது தானம் அன்று. பணம் ஆலயத்துக்கே உரியது. கோபுரத்தின் ஒரு நிலையை இரண்டாண்டு தாமதித்துக் கட்டினால் இறைவன் கோபியான். அந்தப் பணத்தைக்கொண்டு, அங்கத்தவரான தாய்மார் குறைந்த வட்டிக்குக் கடன் பெற்றுக் கிழமைக் கடனைத் தீர்க்கலாம். அவர்களும் வெறுங்கையுடன் வரவேண்டியதில்லை. சமைக்குமுன் ஒருபிடி அரிசியைப் புறம்பாக இட்டுவைக்கும் பிடியரிசி முறை எம் பாட்டிமார் அறிந்ததே. அதைப்போலச் சிறு சேமிப்பு ஒன்று கிழமைதோறும் சங்கத்தில் சேரட்டும்.

கூட்டுறவுச் சங்கங்களில் முறைகேடு நடந்ததில்லையா என்று கேட்பீர்கள். நடந்ததுண்டு. கணக்குப் பார்ப்பார் இல்லாத இடத்தில் எதுதான் கெடாது? வணிகமும் கணக்கியலும் படிக்கும் மாணவர் நூற்றுக்கணக்கில் இருக்கின்றோம். ஆண்டுக்கு இருமுறை கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, எவரும் விளங்கும் தமிழிலே எழுதிச் சங்க வாசலில் ஒட்டுதல் எம்மால் ஆகாத காரியமா?

மூன்றாவது, ஊர்ப் பணம் ஊரிலே சுழலல். திருவிழாக் காலத்து அன்னதானத்துக்கு வேண்டிய அரிசியும் காய்கறியும் ஊர்க் கமக்காரரிடமே வாங்கப்படட்டும். பிளாத்திக்குப் பைக்குப் பதிலாகப் பனையோலைக் குட்டானிலே பிரசாதம் கொடுக்கப்படட்டும். பாடசாலைச் சீருடையை ஊர்த் தாய்மார் தைக்கட்டும். கோழிக்குஞ்சு கொடுப்பவர், அதன் முட்டையை வாங்குவார் எவர் என்பதையும் அதே பாயிலிருந்து தீர்மானித்துக் கொடுக்கட்டும்.

நான்காவது, எங்களுடைய கடமை. 2023 ஆம் ஆண்டிலே அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கியபோது, தகுதியுள்ளோர் பலர் விடுபட்டனர் என்ற முறைப்பாடு நாடெங்கும் எழுந்தது. விண்ணப்பத்தை நிரப்பவும், மேன்முறையீடு செய்யவும், கடன் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தை வாசித்துக் காட்டவும் படித்த பிள்ளை ஒருவர் அருகிலிருந்தால், இழந்த உரிமைகள் பல மீளும். இதற்குப் பணம் வேண்டாம். ஒரு பேனாவும், ஒரு சனிக்கிழமையும் போதும்.

சபையோரே, எமது சங்கம் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றது, மலர் வெளியிடுகின்றது. வேண்டியனவே. ஆயினும் இவ்வாண்டு ஒரே ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கின்றேன். அடுத்த பூரணையன்று, ஒரு கிராமத்திலேனும், அந்தப் பாயை நாம் விரிப்போம். முதலிலே அமர்பவர் அவ்வூரில் எவரும் இதுவரை கேளாத ஒருவராய் இருக்கட்டும்.

விடைபெறும்போது அந்தத் தாய், "மற்றமுறை வரேக்கை கொப்பி கொண்டு வாங்கோ தம்பி" என்றார். கொப்பி கொண்டுபோவோம். அத்துடன், அவர் மீண்டும் கோழி வளர்க்கும்போது செவ்வாய்க்கிழமைக்கு அஞ்சி விற்காதிருக்கும் நிலையையும் கொண்டுபோவோமாயின், அடுத்த ஆண்டு இம்மேடையிலே ஏறுபவர் ஒற்றுமையைப் பற்றிப் பேசவேண்டியிராது. நடந்ததைச் சொன்னாற் போதும்.