உயிரோடு இருப்பவரைச் சுமக்கும் நால்வர்

(வானொலியில் ஆற்றிய மறையுரை)



வருகிற பிப்ரவரி 11 லூர்து அன்னையின் திருநாள். 1992ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அந்த நாளை உலக நோயாளர் நாளாக அறிவித்தார். அதையொட்டி, மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் நிகழ்ச்சியை உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். கப்பர்நாகூமில் ஒரு வீடு. வாசல் வரை கூட்டம். முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். உள்ளே நுழைய வழியில்லை. மாடிப்படி ஏறி, மண்கூரையைத் தோண்டி, அவரைப் படுக்கையோடு இறக்குகிறார்கள். பேதுருவின் வீடாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால் அந்தக் கூரையை அப்புறம் யார் வேய்ந்து கொடுத்தார்களோ, பேதுருவின் மாமியார் என்ன சொன்னாரோ, தெரியாது!

இந்தப் பகுதியில் நோயாளி ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. தம்மைக் குணமாக்கும்படி அவர் கேட்கவும் இல்லை. இயேசு அவருடைய நம்பிக்கையைக் கண்டார் என்று மாற்கு எழுதவில்லை. சுமந்து வந்தவர்களின் நம்பிக்கையைக் கண்டார் என்றே எழுதுகிறார். தானே நம்பவும், தானே கேட்கவும், தானே வரவும் முடியாத ஒருவருக்காக வேறு சிலர் நம்பினார்கள். அது ஆண்டவருக்குப் போதுமானதாக இருந்தது.

நம் ஊரில் 'நாலு பேர்' என்றால் என்ன நினைக்கிறோம்? கடைசிக் காலத்தில் தூக்க நாலு பேர் வேண்டும் என்கிறோம். அந்த நாலு பேர் எப்படியும் கிடைத்துவிடுகிறார்கள். உயிரோடு இருப்பவரைச் சுமக்க நாலு பேர் கிடைப்பதுதான் கஷ்டம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அவர்களின் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறேன். அவர் மினிபஸ் ஓட்டுநர். நாற்பத்தேழு வயது. ஒருநாள் காலையில் தலையில் இடி விழுந்தாற்போல் ஒரு வலி. வாழ்நாளில் அப்படி ஒரு வலி கண்டதில்லை என்று சொல்லிக்கொண்டே சரிந்துவிட்டார். மூளையின் அடிப்பாகத்தில் ஓடும் ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, பழைய சைக்கிள் டியூப் புடைப்பதுபோல் புடைத்திருக்கிறது. டாக்டர்கள் இதை அனியூரிசம் என்கிறார்கள். அது வெடித்து மூளையைச் சுற்றி ரத்தம் பரவிவிட்டது. தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்தப் புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பிச்சுருளை வைத்து அடைத்தார்கள். ஊரெல்லாம் ஒரே பேச்சு: ஆபரேஷன் சக்சஸ், கடவுள் காப்பாற்றிவிட்டார்! கோவிலில் நன்றித் திருப்பலியும் வைத்தோம்.

ஆனால் இந்த நோயில் அடைப்பு போட்டதோடு கதை முடிவதில்லை. அடுத்த இரண்டு வாரமும் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. அதற்காக 21 நாள், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, நடுராத்திரியிலும் எழுப்பி மாத்திரை கொடுத்தார்கள். பிறகு மூளையில் நீர் தேங்கியது. அதை வடிக்கத் தலையிலிருந்து வயிறு வரை தோலுக்கடியில் ஒரு குழாய் வைத்தார்கள். ஷண்ட் என்று பெயர். வீட்டுக்கு வந்தபின் வலிப்பு வந்தது. இனி வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டின் வாசனை தெரியவில்லை. நேற்று வந்தவர் இன்று நினைவில் இல்லை. குரல் உயர்த்தாத மனிதர், பிள்ளைகள்மீது டம்ளரைத் தூக்கி எறிந்தார். மூளையின் முன்பாகம் பாதிக்கப்பட்டால் கோபத்துக்குப் பிரேக் பிடிக்காது என்று டாக்டர் விளக்கினார். அவர் மனைவி என்னிடம், "சாமி, எல்லாரும் பிழைச்சிட்டார்ங்கிறாங்க. நான் கட்டிக்கிட்ட ஆளு இன்னும் வீட்டுக்கு வரலையே" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. கப்பர்நாகூம்காரர் படுக்கையை எடுத்துக்கொண்டு நடந்து போனார். நம் சகோதரர் அப்படி எழவில்லை. அவருக்கு இந்த நற்செய்தி என்ன சொல்கிறது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

முதல் மாதம் வீடு நிறையக் கூட்டம். ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் குவிந்தன. வருகிறவர் ஒவ்வொருவரும் கட்டிலருகே குனிந்து, "நான் யாருன்னு தெரியுதா? சொல்லு பாப்போம்" என்று பரீட்சை வைத்தார்கள். பாசத்தில்தான் கேட்கிறோம். ஆனால் ஞாபகம் தப்பிப்போன ஒருவருக்கு ஒரு நாளில் பத்துத் தடவை தோற்றுப்போவது எப்படி இருக்கும்? வேறு சிலர், எந்த வேண்டுதலை மறந்தீர்கள், யார் விட்ட சாபம் என்று மனைவியிடம் விசாரித்தார்கள். யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்களைப்போல் நல்ல நண்பர்கள் இல்லை. காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டுப்போனார்கள். புகைபிடிப்பதும் உயர் ரத்த அழுத்தமும் இந்த நோயின் ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. அதை இளைஞர்களிடம் சொல்லுங்கள். கட்டிலில் கிடப்பவரிடம் வேண்டாம்.

மூன்றாம் மாதம் கூட்டம் கரைந்தது. ஒருவர் மட்டும் விடாமல் வந்தார். அதே பஸ்ஸில் பதினான்கு வருடம் கண்டக்டராக இருந்தவர். நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர், இந்து சகோதரர். அவருக்கு ஓய்வு வியாழக்கிழமை. அன்று மாலை ஐந்து மணிக்கு வருவார். டிவியை நிறுத்துவார். "அண்ணே, நான்தான், உங்க கண்டக்டர் வந்திருக்கேன்" என்று தன் அடையாளத்தைத் தானே சொல்லிவிடுவார். பரீட்சை கிடையாது. அதிகம் பேசமாட்டார். சில நாள் பழைய ரூட்டின் ஸ்டாப்புகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார்: செக்போஸ்ட், பால்பண்ணை, ரயில்வே கேட்... சில சமயம் இவர் அடுத்த ஸ்டாப்பைச் சொல்வார். சொல்லாவிட்டாலும் வண்டி நிற்காது. களைப்புத் தெரிந்தால் அரைமணி நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, தூங்கவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில்தான் மனைவி கடைக்கும் ரேஷனுக்கும் போய்வருவார், சில வாரம் கோவிலில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். திட்டினால் கண்டக்டர் வருத்தப்பட்டதில்லை. "பீக் அவர்ல இதவிட நிறைய வாங்கியிருக்கேன் சாமி" என்பார்.

ஐந்தாம் மாதம் ஒரு வியாழக்கிழமை. நோயாளி வழக்கத்தைவிட மந்தமாக இருந்தார். தலைவலி, இரண்டு தடவை வாந்தி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் நினைத்தார்கள். கண்டக்டர், "இது போன வாரம் பார்த்த முகமில்ல" என்று சொல்லி உடனே 108க்கு போன் செய்தார். ஷண்ட் குழாய் அடைத்திருந்தது. அன்றிரவே மாற்றினார்கள். ஷண்ட் வைத்தவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், தலைவலியும் வாந்தியும் மந்தமும் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். வாரம் தவறாமல் பார்க்கிறவருக்குத்தான் இந்த மாறுதல் கண்ணில் படும். முதல் மாதம் ஆப்பிளோடு வந்துபோன எங்களுக்குப் பட்டிருக்காது.

இன்னொன்றும் நடந்தது. சிறுவயதிலிருந்து சொல்லிவந்த மங்கள வார்த்தை செபம் அவருக்குப் பாதியில் நின்றுவிடும். தொடரத் தெரியாமல் அழுவார். வாராவாரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே கண்டக்டருக்கு அது மனப்பாடமாகிவிட்டது. இவர் நிற்கும் இடத்தில் அவர் அடுத்த சொல்லை மெதுவாக எடுத்துக்கொடுப்பார். பிடித்துக்கொண்டு இவர் முடிப்பார். படுக்கையைச் சுமந்த அந்த நால்வர் யார், எந்த ஊர், என்ன நம்பினார்கள் என்று மாற்கு எதுவும் எழுதவில்லை. எனக்கு அவர்களில் ஒருவருடைய முகம் இப்போது தெரியும்.

திருப்பலியில் நாம் செய்வதும் நினைவுகூர்தல்தானே. ஒருவர் மறந்துபோனதைச் சபை அவருக்காக நினைவில் வைத்திருக்கிறது. தாய் மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று ஆண்டவர் எசாயா வழியாகச் சொல்கிறார். தன் பெயரே மறந்துபோனவரின் பெயரும் அவருடைய உள்ளங்கையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

நம் பெரியவர்கள் அவஸ்தைப்பூசுதல் என்று பயத்தோடு சொல்லிய அருளடையாளத்தை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் நோயில்பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம் என்றது. சாகும் தறுவாய்க்கு மட்டும் உரியது அல்ல. நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். மூளையில் பெரிய சிகிச்சைக்கு முன் சாமியாரைக் கூப்பிடத் தயங்காதீர்கள். நாங்கள் வருவதால் யாரும் சீக்கிரம் சாகமாட்டார்கள். எண்ணெய் பூசும் நேரத்தில் அந்த நண்பரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

ரொம்ப நாள் போகாமல் விட்டுவிட்ட ஒரு வீடு சிலருக்கு இப்போது நினைவுக்கு வந்திருக்கும். இத்தனை மாதம் கழித்து எந்த முகத்தோடு போவது என்று கூச்சமாக இருக்கும். விளக்கம் எதுவும் வேண்டாம். உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே போங்கள். எத்தனை மணிக்கு வந்தால் வீட்டுக்காரருக்கு வெளியே போய்வர வசதி என்று கேளுங்கள்.

இப்போது அரை நிமிடம் அமைதியாக இருந்து, அவர் பெயரை ஆண்டவரிடம் சொல்வோம்.

தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே. ஆமென்.