கூச்சமுள்ள பிள்ளையும் கற்றுக்கொண்ட பயமும்

(நாலந்தாவில் நடைபெற்ற நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விடை தெரிந்தும் கை உயர்த்தாத ஒரு பிள்ளை எல்லா வகுப்பிலும் இருப்பாள். கூச்சம் நோயல்ல, சுபாவம். ஆனாலும் மிகவும் ஒதுங்கும் பிள்ளைகளுக்குப் பதின்ம வயதில் பதகளிப்பு வரும் வாய்ப்புக் கூடுதல்.

பாவ்லோவின் நாய் ஓசையை உணவோடு இணைத்துக் கற்றது. அதுபோல, கரும்பலகை முன் ஒருநாள் எழுந்த கேலிச் சிரிப்பைப் பிள்ளையின் மனம் கரும்பலகையோடு இணைத்துவிடும். பிறகு யாரும் சிரிக்காத வகுப்பிலும் நெஞ்சு படபடக்கும். ஒதுங்கினால் பயம் தணியும்; ஆனால் ‘இங்கே ஆபத்தில்லை’ என்று அறியும் சந்தர்ப்பமும் போய்விடும்.

அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் ஒரு வழியைக் காட்டினார். முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவன் விரும்பியதைச் சாப்பிடும்போது, கூண்டிலிருந்த முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். பயமில்லாத பிள்ளைகளும் கூட இருந்தார்கள். கடைசியில் அவன் முயலோடு விளையாடினான்.

சாதாரண தரம் முடித்து மாத்தளைக்கோ கண்டிக்கோ படிக்கப் போகும் நம் பிள்ளைக்கு நேர்முகப் பரீட்சைகள் காத்திருக்கின்றன. அவளை மேடைக்குத் தள்ளவும் வேண்டாம். ‘அவள் பேசமாட்டாள்’ என்று விட்டுவிடவும் வேண்டாம். முதலில் தோழியிடம், பிறகு நாலு பேரிடம், பிறகு வகுப்பில் வாசிக்கட்டும். பழைய பயம் முற்றாக அழிவதில்லை. அதன்மேல் புதிய பாடம் படிகிறது. ஆகவே பயம் திரும்பினாலும் மனம் தளராமல் தொடருங்கள்.

தூக்கம், சாப்பாடு, பாடசாலை வரவு குழம்பினால் வைத்தியரிடம் காட்டுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.