ஹஸ்கி நாய் வளர்க்கலாமா?



நாய் வளர்க்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. அதற்குத் தடை சொல்ல நான் வரவில்லை. ஆயினும், எந்த நாயை வளர்ப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் கண்ணைக் கொண்டே விடை காண்கின்றனர். ஓநாயை ஒத்த முகமும், நீல விழிகளும், அடர்ந்த ரோமமும் கொண்ட ஹஸ்கி நாயைக் கண்டவுடன், "இதுவே வேண்டும்" என்று மனம் துள்ளுகிறது. இந்த நாயைப் பற்றி மாணவர் பலர் என்னிடம் வினவியதுண்டு. விலை என்ன, எங்கே கிடைக்கும் என்று கேட்டனர். அதற்கு என்ன வேண்டும் என்று கேட்டவர் அரியர். கேட்கப்படாத அந்தக் கேள்விக்கே இன்று விடை கூற முயல்கிறேன்.

ஒரு பிராணியின் இயல்பை அறிய விரும்புவோர், அது தோன்றிய மண்ணை முதலில் அறிதல் வேண்டும். சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் சுக்சி என்னும் மக்கள் வாழ்கின்றனர். ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கும் நிலம் அது. அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணி வளர்த்த நாய்களின் வழிவந்ததே இன்றைய சைபீரிய ஹஸ்கி. இலகுவான சுமை ஏற்றிய சறுக்கு வண்டியை, மிதமான வேகத்தில், மிக நீண்ட தொலைவு இழுத்துச் செல்வதே அவற்றின் தொழில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவை அலாஸ்காவுக்குக் கொண்டுவரப்பட்டன.

அங்கே, 1925ஆம் ஆண்டு ஜனவரியில், நோம் என்னும் சிற்றூரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்து இருந்த இடத்திற்கும் நோய் இருந்த இடத்திற்கும் இடையே பனிவெளி. ரயில் வண்டி வந்து நின்ற நெனானாவிலிருந்து நோம் வரை 674 மைல். சுமார் இருபது வண்டியோட்டிகளும் நூற்றைம்பது நாய்களும் அஞ்சல் ஓட்டமாக, ஐந்தரை நாட்களில் அம்மருந்தைக் கொண்டு சேர்த்தனர். லியோன்ஹார்ட் செப்பலா என்பவரின் வண்டிக்குத் தலைமை தாங்கிய டோகோ என்ற நாய், உறைந்த கடற்பரப்பைக் கடந்து, மிக நீண்டதும் ஆபத்தானதுமான பகுதியில் ஓடியது. இறுதிப் பகுதியில் ஓடிய பால்டோவுக்கு அதே ஆண்டில் நியூயார்க் நகரப் பூங்காவில் சிலை எழுந்தது.

இவ்வரலாற்றைக் கேட்டு வியக்கிறோம். ஆனால் வீட்டில் ஹஸ்கி வளர்க்க எண்ணுவோருக்கு இதிலேயே ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. பனிவெளியில் எவை குணங்களோ, அவையே நகரத்து வீட்டில் தொல்லைகளாகத் தோன்றும்.

ஓடுவதற்கென்றே உருவான உடல், ஓடாமல் அடங்கியிராது. நாள்தோறும் நெடுநேரம் ஓட்டமும் விளையாட்டும் இல்லையெனில், அது தோட்டத்தைத் தோண்டும், நாற்காலியைக் கடித்துக் குதறும், சுவரைத் தாண்டும், ஊளையிட்டு அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கும். பனிக்கட்டி மெலிந்த இடத்தில், வண்டியோட்டியின் கட்டளையை மறுத்துத் தானாக விலகிச் செல்வது தலைமை நாயின் பெருமை. அதே சுயபுத்தியுடைய நாய், தெருவில் கயிறு நழுவினால், எவ்வளவு அழைத்தாலும் எளிதில் திரும்பாது. பூனையையும் கோழியையும் கண்டால் துரத்தும். அந்நியரையும் நண்பராகவே வரவேற்கும் இயல்புடையது. ஆகையால் காவலுக்கென்று இதை வாங்குவோர் ஏமாறுவர்.

இவற்றினும் முக்கியமானது வெப்பம். ஹஸ்கியின் ரோமம் இரண்டு அடுக்குகளால் ஆனது. நம்மைப்போல் நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி மூச்சிரைத்து, ஈரம் ஆவியாவதால்தான் அது தன் உடலைக் குளிர்விக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் ஆவியாதல் குறைகிறது. அதனால் சென்னை போன்ற கடற்கரை நகரின் புழுக்கம் வெயிலைக் காட்டிலும் கொடியதாகிறது. நாயின் இயல்பான உடல் வெப்பநிலை சுமார் 38.5 டிகிரி, அது 41 டிகிரியைக் கடந்தால் உயிருக்கே ஆபத்து. ரோமத்தை மழித்துவிடலாமே என்பர் சிலர். அது தீர்வாகாது, அந்த ரோமம் வெயிலிலிருந்தும் தோலைக் காக்கிறது.

சென்ற ஆண்டுச் சித்திரையில், நண்பர் ஒருவர் வீட்டு ஹஸ்கியைக் கண்டேன். பகலெல்லாம் அது குளியலறையின் ஈரத்தரையில் வயிற்றை ஒட்டிக் கிடந்தது. மின்சாரம் நின்றால், வீட்டார் மாறி மாறி விசிறினர். அன்பில்லாத வீடன்று அது. அன்பு நிறைந்த வீடு. ஆயினும், அந்த நாய்க்கு வேண்டிய ஒன்றை அவர்களால் கொடுக்க இயலவில்லை. அதைக் கண்டபோது என் மனம் நொந்தது.

வெப்ப நாட்டில் ஹஸ்கி வாழவே முடியாது என்று நான் கூறவில்லை. குளிர்ந்த அறை, உயர்ந்த மதில், விடியுமுன் அதனுடன் ஓடுவதற்கு ஓர் ஆள், இவ்வளவும் இருந்தால் அது உயிரோடிருக்கும். ஆனால் அதன் ஆயுள் பன்னிரண்டு முதல் பதினான்கு ஆண்டுகள். இன்று பதினெட்டு வயதில் நாய்க்குட்டி வாங்கும் மாணவன், முப்பது வயதைத் தாண்டும்வரை அதற்குப் பொறுப்பாளி. மேற்படிப்புக்கு வெளியூர் செல்லும்போது அதனுடன் ஓடப்போவது யார்? வயது முதிர்ந்த தாயா? ஓநாய்கள் இடம்பெற்ற தொலைக்காட்சித் தொடரொன்றைக் கண்டு மேல்நாடுகளில் பலர் ஹஸ்கி வாங்கினர்; பின்னர் பல நாய்கள் கைவிடப்பட்டன. அத்தொடரில் நடித்த பீட்டர் டிங்க்லேஜ் என்பவரே, 2017ஆம் ஆண்டில், ஆசைப்பட்டு இந்நாய்களை வாங்க வேண்டாம் என்று வேண்டுகோள் விடுத்தார்.

நம் நாட்டிலும் நாய்களுக்குக் குறைவில்லை. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் ஆகியவை குட்டையான ரோமமுடையவை. இம்மண்ணின் வெயிலில் வளர்ந்தவை. அவையும் வேட்டைக்கும் காவலுக்கும் பழகியவையாதலால் இடமும் ஓட்டமும் வேண்டும். ஊர்ப்பெருமைக்காக மட்டும் அவற்றை வாங்குவதும் முறையன்று. சிறிய வீட்டில் வாழ்வோருக்குத் தெருவில் ஆதரவின்றித் திரியும் நாட்டுக்குட்டியே நல்ல துணையாகலாம்.

ஆகவே, நண்பர்களே, எந்த நாயையும் வீட்டிற்குக் கொண்டுவருமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். இந்த நாய் எந்தத் தொழிலுக்காக வளர்க்கப்பட்டது? என் ஊரின் தட்பவெப்பம் அதற்கு ஏற்றதா? பத்தாண்டுகளுக்குப் பின்னும் அதற்கு நேரம் ஒதுக்க என்னால் இயலுமா? விடைகளைப் பெற்றோரிடமும் கால்நடை மருத்துவரிடமும் காட்டுங்கள். மூன்றிற்கும் "ஆம்" என்று மனமறியச் சொல்ல முடிந்தால் வளருங்கள். முடியாவிட்டால், ஹஸ்கியின் படத்தைச் சுவரில் மாட்டி மகிழுங்கள். அந்த நாய்க்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய நன்மை அதுவே.