பிள்ளையின் அடிப்புண்: வைத்தியம் ஒரு பக்கம், வீண் பழி ஒரு பக்கம்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரத் துணைக்குழு ஆற்றிய உரை)



போன மாதம் வங்கிக் கடனைப் பற்றிப் பேசினோம். இன்னைக்கு நாங்கள் பேச எடுத்துக்கொண்டது, கைப்பிள்ளையின் தொடை இடுக்கிலும் பின்பக்கத்திலும் வருகிற புண்ணைப் பற்றி. "இதெல்லாம் கூட்டத்துல பேசற விசயமா?" என்று சிலர் சிரிக்கலாம். தருமபுரியில் 1989-ல் தொடங்கி, பிறகு நம்ம சேலம் மாவட்டத்துக்கும் வந்த மகளிர் திட்டம் நம்மைச் சேமிக்கப் பழக்கியது, கையெழுத்துப் போடப் பழக்கியது, மேனேஜர் முன்னால் உட்கார்ந்து பேசப் பழக்கியது. ஆனால் பிள்ளையின் துணியை விலக்கி, "இங்க பாருங்க, இப்படி இருக்கு" என்று சொல்ல மட்டும் இன்னும் வெட்கப்படுகிறோம். அந்த வெட்கத்தால் நம்ம குழு வீட்டுப் பிள்ளை ஒன்று பட்ட பாட்டைப் பார்த்தோம். அதனால்தான் பேசுகிறோம்.

நடந்தது இதுதான். பெயர் வேண்டாம். நம்ம உறுப்பினர் ஒருவரின் பேத்தி, எட்டு மாதக் குழந்தை. தாய் தறிப்பட்டறை வேலைக்குப் போகிறவள். பிள்ளைக்கு மூணு நாள் வயிற்றுப்போக்கு. ராத்திரி போட்ட டயப்பரைக் காலையில்தான் கழற்றினார்கள். இடுக்கெல்லாம் செவசெவன்னு ஆகிவிட்டது. முதலில் பவுடர் கொட்டினார்கள், கேட்கவில்லை. "இது அக்கிங்க, எழுதிட்டாச் சரியாப் போயிரும்" என்று ஒருவர் சொல்ல, காவிமண்ணால் அக்கி எழுதினார்கள். அதுவும் கேட்கவில்லை. அதற்குள் வீட்டில் பெரியவர்கள், "உன் உடம்புச் சூடுதான் பாலில் இறங்கிப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு" என்று தாயைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் பயந்து தாய்ப்பாலைக் குறைத்துவிட்டாள்.

அப்புறம் ஒரு டியூப் மருந்து வந்தது. படைக்குப் போடுகிற களிம்பு. அதைக் கொடுத்தது யார்? நம்ம குழுவில் ஒருத்தர்தான். நல்ல மனசோடுதான் கொடுத்தார். "எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டே நாள்ல கேட்டுச்சு" என்றார். நாங்களும் பக்கத்தில் இருந்தோம், வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. ரெண்டு நாளில் செவப்பு வாடியது, எல்லோருக்கும் சந்தோசம். பத்தாம் நாள் புண் முன்னைவிடப் பெரிசாக, வயிறு வரைக்கும் ஏறியது. தோல் வெங்காயச் சருகு மாதிரி மினுமினுத்தது. துணி பட்டாலே பிள்ளை வீறிட்டு அழுதது. பிறகுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. டியூப்பை வாங்கிப் பார்த்து, "இதை நிறுத்துங்க" என்றார். சரியான மருந்து கொடுத்தார், துணி மாற்றும் முறையைச் சொன்னார். பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறது. அன்றைக்குக் கேட்டுக்கொண்டதையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இப்போது வரிசையாகச் சொல்கிறோம்.

இந்தப் புண் ஏன் வருகிறது?

சூட்டால் அல்ல, தாய்ப்பாலால் அல்ல. ஈரத்தால் வருகிறது. நனைந்த தோல் ஊறி மெலிசாகிவிடுகிறது. துணி உரசுகிறது. மூத்திரமும் மலமும் ஒன்றாகச் சேர்ந்து கிடந்தால் அதில் அமோனியா உண்டாகிறது. தோலின் மேல் காரத்தன்மை ஏறுகிறது. அப்போது மலத்தில் உள்ள செரிமானப் பொருட்கள் வேகம் பிடித்துத் தோலையே அரிக்கின்றன. வயிற்றுப்போக்கு வந்தால் புண் சீக்கிரம் வருவது இதனால்தான். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளையின் மலத்தில் இந்தக் காரம் குறைவு. ஆக, தாய்ப்பால் பிள்ளையைக் காக்கிறதே தவிரக் கெடுப்பதில்லை. சகோதரிகளே, மருமகளைக் குற்றம் சொல்லும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

இந்த ஈரத்தில் பூஞ்சைக் கிருமியும் சேர்ந்துகொண்டால் புண் கடுமையாகிவிடும். அடையாளம் சுலபம். சாதாரணப் புண் துணி படும் மேட்டுப் பகுதியில் இருக்கும், மடிப்புக்குள் அவ்வளவாக இருக்காது. பூஞ்சைப் புண் மடிப்புக்குள்ளேயே ரத்தச் சிவப்பாக இருக்கும். அதைச் சுற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெறித்த மாதிரி தெரியும். பிள்ளையின் வாய்க்குள் வெள்ளை படிந்திருக்கலாம். வேறு நோய்க்கு ஆண்டிபயாடிக் மருந்து சாப்பிட்ட பிறகும் இது வரும்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. மலம் போனால் உடனே மாற்றுங்கள். மூத்திரத்துக்கு ரெண்டு மூணு மணிக்கு ஒருமுறை பாருங்கள். புண் ஆறும்வரை ராத்திரியிலும் ஒருமுறையாவது எழுந்து மாற்றுங்கள்.

2. வெதுவெதுப்பான வெறும் தண்ணீரும் பஞ்சு அல்லது மெல்லிய பழைய வேட்டித் துணியும் போதும். தேய்க்கக் கூடாது. பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். வாசனைச் சோப்பு, வாசனை ஈரத்தாள், டெட்டால் எதுவும் வேண்டாம்.

3. ஒற்றி எடுத்து, காற்றாட விடுங்கள். பாயில் பழைய வேட்டியை விரித்து, நிழலில், துணியில்லாமல் பத்துப் பதினைந்து நிமிடம். ஒரு நாளில் நாலைந்து முறை இப்படிச் செய்தால் பாதிப் புண் அதிலேயே வாடும்.

4. அதன் பிறகு துத்தநாகக் களிம்பு, அதாவது ஜிங்க் ஆக்சைடு களிம்பு. சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது போலக் கெட்டியாகப் பூச வேண்டும். அடுத்த முறை துடைக்கும்போது அழுக்குப் பட்ட மேல்பூச்சை மட்டும் எடுத்தால் போதும். அடியில் உள்ளதைச் சுரண்ட வேண்டாம், சுரண்டினால் புதுத்தோலும் வந்துவிடும். துணியில் ஒட்டாமல் இருக்க மேலே கொஞ்சம் வாசலின் தடவலாம். லேசான சிவப்புக்குத் தேங்காய் எண்ணெய் சரி. தோல் உரிந்துவிட்டால் அது போதாது.

5. நம்ம பக்கத்துப் போர் தண்ணி உப்புத் தண்ணி, சோப்பு லேசில் போகாது. பிள்ளையின் துணியை ரெண்டு மூணு தண்ணியில் அலசி, நல்ல வெயிலில் காயப் போடுங்கள். துணிக்கு மேலே ரப்பர், பிளாஸ்டிக் ஜட்டி மாட்ட வேண்டாம்.

டயப்பர் கெடுதலா என்று கேட்கிறீர்கள். ஈரத்தை நன்றாக இழுக்கிற டயப்பர், நனைந்த துணியைவிட நல்லதுதான். காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று நாள் முழுக்க ஒன்றையே விட்டு வைப்பதுதான் கெடுதல். வாங்க முடியாதவர்கள் துணியையே அடிக்கடி மாற்றினால் ஒரு குறையும் இல்லை.

வயிற்றுப்போக்கு இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 14 நாளைக்கு ஜிங்க் மாத்திரை கொடுப்பார்கள். போக்கு நின்றுவிட்டது என்று நாலு நாளில் விட்டுவிடாமல் முழுவதும் கொடுத்து முடியுங்கள்.

செய்யக் கூடாதவை:

பவுடர் வேண்டாம். கொட்டும்போது பிள்ளை மூச்சில் இழுத்துக்கொள்ளும், மடிப்பில் கட்டியாகி உரசும். போரிக் பவுடர் வேண்டவே வேண்டாம். புண்ணான தோல் வழியாக உடம்புக்குள் போனால் அது விஷம். 1972-ல் பிரான்சு நாட்டில் ஒரு குழந்தைப் பவுடரில் ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக அளவுக்கு மீறிக் கலந்துவிட்டது. 36 குழந்தைகள் இறந்துபோனார்கள். பிள்ளையின் தோலுக்கு மேலே போடுவது மேலேயே நிற்பதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

படைக் களிம்பும் அப்படித்தான். நம்ம ஊர்க் கடைகளில் கிடைக்கும் பல களிம்புகளில் மூணு நாலு மருந்தைக் கலந்து, கூடவே வீரியமான ஸ்டீராய்டும் சேர்த்திருப்பார்கள். ஸ்டீராய்டு சிவப்பை அமுக்கிக் காட்டும், உள்ளே பூஞ்சை வளர்ந்துகொண்டே போகும். டயப்பருக்குள் மூடி வைக்கும்போது மருந்து இன்னும் அதிகமாக உடம்பில் இறங்கும். தோல் மெலியும். அதிக நாள் போட்டால் பிள்ளையின் வளர்ச்சியையே பாதிக்கலாம். ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது. கையில் டியூப் வந்தால், படிக்கிற பிள்ளையை விட்டு அட்டையை வாசிக்கச் சொல்லுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால், அதை நீங்களாகக் குழந்தைக்குப் போடாதீர்கள். தேவைப்பட்டால் டாக்டர் லேசான ஸ்டீராய்டைச் சில நாளைக்கு மட்டும் எழுதித் தருவார். அது வேறு, இது வேறு. பூஞ்சைக்கு குளோட்ரிமசோல் போன்ற மருந்தை எழுதித் தந்தால், அதை முதலில் மெலிசாகத் தடவி, அதன் மேல் துத்தநாகக் களிம்பைப் பூசுங்கள். சிவப்பு போனதும் நிறுத்திவிடாமல், சொன்ன நாள்வரை போடுங்கள்.

அக்கி எழுதுவதைப் பற்றிப் பெரியவர்கள் மனம் நோகப் பேச நாங்கள் வரவில்லை. ஆனால் உரிந்த தோலில் மண் பட்டால் கிருமி சேரும். எழுதிவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் புண் முற்றும்.

எப்போது உடனே போக வேண்டும்?

மேலே சொன்னபடி செய்தும் ரெண்டு மூணு நாளில் வாடவில்லை என்றால். காய்ச்சல் இருந்தால். சீழ்க் கொப்புளம், தேன் நிறப் பொருக்கு, ரத்தக் கசிவு இருந்தால். மடிப்பில் சிவப்பும் புள்ளியும் தெரிந்தால். பிள்ளை பால் குடிக்க மறுத்தால். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தை என்றால் காத்திருக்கவே கூடாது. வாயைச் சுற்றியும், கை கால்களிலும் அதே மாதிரிப் புண் வந்து, முடியும் கொட்டினால் உடம்பில் துத்தநாகச் சத்துக் குறைவாக இருக்கலாம். அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

முதலில் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள், பிறகு ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. ராத்திரி சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் போட்டுக் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. அந்தப் பெண் ஏன் முதல் நாளே டாக்டரிடம் போகவில்லை என்று கேட்டோம். "ஒரு நாள் லீவு போட்டா கூலி போயிருங்க, பஸ்ஸுக்குக் கையில காசில்லீங்க, மாமியாகிட்டக் கேக்கப் பயம்" என்றாள். நம்ம குழுவில் சேமிப்பு இருக்கிறது, சுழல் நிதி இருக்கிறது. ஆனால் அவசரத்துக்குக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அது அவள் குறையல்ல, நம்ம குறை.

அதனால் எங்கள் குழுவில் மூணு தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கைப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், கூட்ட நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே உள்கடன் கொடுப்பது. தாய் வேலைக்குப் போயிருந்தால் குழுவில் ஒருத்தர் துணைக்குப் போவது. ஒரு வீட்டு மருந்தை இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. டியூப் கொடுத்த அந்த அக்காதான் முதல் கையெழுத்துப் போட்டார்.

உங்கள் குழுவிலும் இதைப் பேசுங்கள். மருமகள் வாய் திறக்கத் தயங்கினால், நீங்களே கேளுங்கள்: "கண்ணு, துணியை விலக்கிக் காட்டு, பார்க்கலாம்."