கதையில் வரும் பாதிரியார்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நான் எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அறிவித்ததும் பின்வரிசையில் ஒரு சலசலப்பு. "என்னாங்க இது, பாதிரியாரப் பத்தியா பேசப் போறாரு?" என்று ஒருவர் கேட்டது என் காதிலும் விழுந்தது. பயப்படாதீர்கள். நான் மதப் பிரசங்கம் செய்ய வரவில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுப்பவர்களும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்களும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்து பழகிய மக்கள் நாம். நான் சொல்லப்போவது கதையில் வருகிற பாதிரியார்களைப் பற்றி. எழுத்தாளர்கள் கற்பனையில் பிறந்து, புத்தகத்திலும் திரையிலும் தொலைக்காட்சியிலும் நடமாடுகிறவர்கள்.

தமிழ்ப் படத்தில் பாதிரியார் என்றால் நமக்குச் சட்டென்று என்ன நினைவுக்கு வருகிறது? வெள்ளை அங்கி, கழுத்தில் சிலுவை, பக்கத்தில் ஓர் அநாதை இல்லம். நல்ல மழை. வாசலில் ஒரு குழந்தை அழுகிறது. அவர் தூக்கிக்கொள்கிறார். அடுத்த காட்சியில் குழந்தை கதாநாயகனாக வளர்ந்து நிற்கும். பாதிரியார் "மை சன்" என்று ஒரு விசித்திரமான தமிழில் ஆசீர்வாதம் செய்வார். இடைவேளைக்கு முன்னால் பெரும்பாலும் செத்தும் போவார்! இந்த மாதிரிப் பாதிரியார்களைப் பற்றிப் பேசினால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். அவர்கள் மனிதர்கள் அல்ல, சுவரில் மாட்டிய படங்கள்.

ஆனால் எல்லாரும் அப்படியில்லை. ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பிரெஞ்சு நாட்டு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1862ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரிய நாவல் ஒன்று. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் யோகி சுத்தானந்த பாரதியார். 'ஏழை படும் பாடு' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரைக் கேட்டாலே அது நம் கதை என்று தோன்றுகிறதல்லவா? கதை இதுதான். ழான் வால்ழான் என்று ஒரு கூலியாள். கணவனை இழந்த அக்காள், அவளுக்கு ஏழு பிள்ளைகள். வேலையில்லாத ஒரு குளிர்காலத்தில் பசி தாங்காமல் ஒரு ரொட்டியைத் திருடுகிறான். ஐந்து ஆண்டு தண்டனை. தப்பி ஓட முயன்று முயன்று அது பத்தொன்பது ஆண்டாகிறது. 1815இல் விடுதலையாகிறான். கையில் ஒரு மஞ்சள் சீட்டுக் கொடுக்கிறார்கள். போகிற ஊரிலெல்லாம் அதைக் காட்ட வேண்டும். காட்டினால் யாரும் சோறு போடமாட்டார்கள், படுக்க இடம் தரமாட்டார்கள்.

அப்படி விரட்டப்பட்டவன் ஓர் ஊரில் ஒரு கிழவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அவர் அந்த ஊர்ப் பிஷப். அந்தப் பிஷப் எப்படிப்பட்டவர் என்று ஹியூகோ பக்கம் பக்கமாகச் சொல்லியிருக்கிறார். பதவிக்கு வந்ததும் தமக்குக் கொடுத்த மாளிகையைப் பார்க்கிறார். பக்கத்தில் சின்னஞ்சிறு மருத்துவமனை. ஐந்தாறு அறைகளில் இருபத்தாறு நோயாளிகள். "நாங்கள் மூன்றே பேர், எங்களுக்கு அறுபது பேர் தங்கும் இடமா?" என்று சொல்லி மாளிகையை நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டுச் சின்ன வீட்டுக்கு இவர் குடிபோகிறார். ஆண்டுக்கு 15,000 பிராங்க் சம்பளம். தமக்கென்று வைத்துக்கொள்வது 1,000. மீதி ஏழைகளுக்கு. ஆனாலும் ஒரே ஓர் ஆசையை அவரால் விட முடியவில்லை. வெள்ளித் தட்டில் சாப்பிடுகிற பழக்கம்! அந்த ஒரு சின்னப் பலவீனத்தை ஆசிரியர் வைத்ததால்தான் அவர் நமக்கு மனிதராகத் தெரிகிறார் என்பது என் எண்ணம்.

வந்தவனுக்குச் சோறு போட்டு, மெத்தையில் படுக்க வைக்கிறார். அவனோ நடுராத்திரியில் வெள்ளிச் சாமான்களை அள்ளிக்கொண்டு ஓடிவிடுகிறான். காலையில் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். பிஷப் என்ன செய்தார் தெரியுமா? "வந்துட்டியாப்பா? அந்த வெள்ளி விளக்குத் தண்டு ரெண்டையும் உனக்குத்தானே கொடுத்தேன், அதையேன் விட்டுட்டுப் போனே?" என்ற மாதிரி கேட்டு அதையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். போலீஸார் திகைத்துப் போய்விடுகிறார்கள்.

மாணவர்களே, உங்களில் ஒரு கெட்டிக்காரப் பையன் கையைத் தூக்கலாம். "பாதிரியார் பொய் சொல்லலாமா சார்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. திருவள்ளுவர் வாய்மை அதிகாரத்திலேயே இதற்கு இடம் விட்டிருக்கிறார். உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. அந்தத் திருடன் அன்றைக்கே திருந்திவிட்டானா? இல்லை! வெளியே போனதும் வழியில் ஒரு சின்னப் பையனுடைய காசை மிதித்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறான். பையன் அழுதுகொண்டே ஓடிப்போன பிறகுதான் இவனுக்குள் ஏதோ உடைகிறது. உட்கார்ந்து அழுகிறான். ஹியூகோ வாழ்க்கை தெரிந்தவர். மன்னித்த மறு நிமிடமே ஒருவன் உத்தமனாகிவிடுவான் என்று அவர் எழுதவில்லை.

பெற்றோர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம் பக்கத்திலும் ஒட்டுப்பால் திருடினான், கடையில் கையை வைத்தான் என்று ஒரு பையனுக்கு ஒரு தடவை பேர் வந்துவிட்டால் என்ன ஆகிறது? சின்ன இடம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பத்து வருஷம் கழித்து அவன் லாரி ஓட்டி நாலு காசு சம்பாதித்தாலும், "அவனா? அப்பவே திருட்டுப்பய" என்று சொல்ல ஓர் ஆள் இருக்கும். மலாக்கா தெலுக் மாஸில் ஹென்றி கர்னி பள்ளி இருக்கிறது. வழி தவறிய பிள்ளைகளைத் திருத்த அரசாங்கம் நடத்துவது. அங்கே இருந்து ஒரு பையன் வீடு திரும்பினால், அவன் கையில் மஞ்சள் சீட்டு இல்லை. நம் வாயில் இருக்கிறது. அவனுக்கு வேலை கேட்டு வருகிற தாயிடம் நாம் என்ன பதில் சொல்கிறோம்? பிஷப் வீட்டுக் கதவு வேண்டாம், நம் வீட்டுக் கதவு திறக்கிறதா? அதுவும் அவன் இரண்டாவது தடவை தவறிய பிறகு? இதற்கு நான் சுலபமான பதில் வைத்திருக்கவில்லை. நகை களவு கொடுத்த வீட்டுக்காரி வயிற்றெரிச்சலும் எனக்குப் புரிகிறது.

ஹியூகோவின் மகனே இந்தப் பாத்திரத்தை எதிர்த்தாராம். பாதிரியாரைப் போய் இவ்வளவு நல்லவராகக் காட்டுவதா, ஒரு டாக்டரையாவது காட்டுங்கள் என்றாராம். இப்படி ஓர் உண்மையான குருவைக் காட்டினாலே இப்போதுள்ள குருமார்களுக்கு அது சாட்டையடிதான் என்ற கருத்தில் தகப்பனார் பதில் சொன்னாராம். இன்னொன்று, இந்தப் பிஷப் முழுக்கக் கற்பனையும் அல்ல. தீஞ் என்ற ஊரில் மியோலிஸ் என்று ஒரு பிஷப் உண்மையிலேயே வாழ்ந்தார். அவரை மனத்தில் வைத்துத்தான் எழுதினார்.

இந்தக் கதை 1950இல் 'ஏழை படும் பாடு' என்ற பெயரிலேயே தமிழ்ப் படமாக வந்தது. பட்சிராஜா ஸ்டூடியோ தயாரிப்பு, கே. ராம்நாத் இயக்கம். நாகையா கைதியாக நடித்தார். பிஷப்பாக வந்தவர் செருக்களத்தூர் சாமா. ஒரு யோகி மொழிபெயர்த்த கதையில், ஓர் இந்து நடிகர் பிஷப்பாக நடித்து, எல்லா மதத்துத் தமிழரும் பார்த்தார்கள். விரட்டி விரட்டிப் பிடிக்கிற போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அன்று முதல் 'ஜாவர்' சீதாராமன் என்றே பேர் நிலைத்துவிட்டது. விரட்டினவர் பேர் நிலைத்தது, மன்னித்தவர் பேரை நாம் மறந்துவிட்டோம், என்ன செய்வது!

1972இல் வந்த 'ஞான ஒளி' பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். சிவாஜி கணேசன் கோயில் மணி அடிக்கும் அந்தோணியாக வருவார். போலீஸ் அதிகாரியாக மேஜர் சுந்தரராஜன். வியட்நாம் வீடு சுந்தரம் எழுதிய நாடகம் அது. ஹியூகோவின் நிழல் அதில் நன்றாக விழுந்திருக்கிறது. அங்கேயும் அநாதையை வளர்த்த பாதிரியார் ஒருவர் உண்டு. 1983இல் 'வெள்ளை ரோஜா'வில் சிவாஜியே பாதராகவும் போலீஸ் அதிகாரியாகவும் இரட்டை வேடம் போட்டார். அந்தப் பாதரும் கொலையாகிவிடுகிறார், வழக்கம்போல.

சிரிப்புக் காட்டுகிற பாதிரியார் வேண்டுமா? இங்கிலாந்தில் செஸ்டர்டன் என்ற எழுத்தாளர் 1910இல் படைத்த பிரவுன் பாதிரியார் இருக்கிறார். குள்ளம், உருண்டை முகம், கையில் எப்போதும் ஒரு குடை. பார்த்தால் ஒன்றும் தெரியாத அப்பாவி. ஆனால் துப்பறிவதில் புலி! முதல் கதையில் ஒரு பெரிய திருடன் பாதிரியார் வேடத்தில் இவரோடு கூடவே வருகிறான். இவர் போகிற கடையிலெல்லாம் ஏதாவது குறும்பு செய்கிறார். சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டுகிறார், சுவரில் சூப்பை வீசுகிறார், ஒரு கண்ணாடியை உடைத்து அதற்குக் காசும் கொடுத்துவிட்டுப் போகிறார். எதற்கு? பின்னால் வரும் போலீஸ் வழி கண்டுபிடிக்கத்தான். கடைசியில் அந்தத் திருடனிடம், "நீ போலிப் பாதிரியார் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? நீ பகுத்தறிவைத் தாக்கிப் பேசினாய், அது தப்பான சமயம்" என்ற கருத்தில் சொல்வார். மந்திரித்துக் காசு பறிக்கிற போலிச் சாமியார்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அவர்களை எடைபோட இது நல்ல தராசு. பாவ மன்னிப்புக் கேட்க வருகிறவர்கள் சொல்வதை ஆயுள் முழுக்கக் கேட்கிறவனுக்கு உலகத்தின் கெடுதல் தெரியாமலா இருக்கும் என்பது அவர் கட்சி. 2013 முதல் பிபிசி தொலைக்காட்சியிலும் அவர் தொடராக வந்தார்.

அந்தப் பாவ மன்னிப்பு விஷயத்தையே வைத்து ஹிட்ச்காக் 1953இல் ஒரு படம் எடுத்தார். ஒருவன் கொலை செய்துவிட்டுப் பாதிரியாரிடம் சொல்லிவிடுகிறான். பாவ மன்னிப்பில் கேட்டதை அவர் வெளியே சொல்லக் கூடாது. பழி அவர் தலையிலேயே விழுகிறது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் நம்பிச் சொன்னதைச் சாயங்காலத்துக்குள் லயம் பூராவும் பரப்பிவிடுகிற நமக்கு அந்தப் படம் கொஞ்சம் உறைக்கும்!

தொழிலாளத் தோழர்களுக்கு ஒரு படம் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் எலியா கசான் இயக்கி 1954இல் வந்த துறைமுகப் படம். நம் நாட்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான அதே ஆண்டு. அந்தத் துறைமுகத்தில் சங்கமே ரவுடிகள் கையில். காலையில் ஆள் எடுப்பார்கள். இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்பது அவர்கள் வைத்ததுதான் சட்டம். பெரட்டில் பேர் கூப்பிடுவார்களா என்று நின்றவர்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் விளங்கும். பாரி என்ற பாதிரியார் தொழிலாளரைக் கூட்டி, சாட்சி சொல்லுங்கள், நான் கூடவே நிற்பேன் என்கிறார். நம்பி ஒருவன் ஒத்துக்கொள்கிறான். கப்பலின் அடித்தளத்தில் அவன் தலையில் சரக்கைப் போட்டுக் கொன்றுவிடுகிறார்கள். பாதிரியார் அந்தக் குழிக்குள்ளேயே இறங்கி, பிணத்தின் பக்கத்தில் நின்று பேசுகிறார். மேலே இருந்து சாமான்களை விட்டெறிகிறார்கள். நகரவில்லை.

பார்க்கும்போது மெய் சிலிர்க்கிறது. ஆனாலும் எனக்குள் ஒரு கேள்வி உறுத்துகிறது. பாதிரியாருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. தைரியமாக இரு என்று அவர் சொல்லலாம். செத்தவன் வீட்டில் உலை வைப்பது யார்? அந்தக் கேள்வியை அந்தப் படமே மறைக்கவில்லை. அதனால்தான் அந்தப் பாதிரியார் அவ்வளவு வேதனையோடு பேசுகிறார். ஜான் காரிடன் என்ற உண்மையான யேசு சபைக் குரு ஒருவரை வைத்து உருவாக்கிய பாத்திரம் அது.

2013இல் மணிரத்னத்தின் 'கடல்' வந்தது. எழுதியவர் ஜெயமோகன். அரவிந்த்சாமி பாதர் சாமாக வருவார். மீனவர் ஊருக்கு வந்து யாரும் சீண்டாத ஒரு பையனை வளர்க்கிறார். பிறகு பொய்ப்பழி வந்து, அதே ஊர் ஜனங்களே அவரை அடித்துத் துரத்துகிறார்கள். படம் சில இடத்தில் தடம் புரண்டாலும், சுவரில் மாட்டிய படமாக இல்லாமல் அடிபட்டு அவமானப்படுகிற பாதிரியாரைத் தமிழில் காட்டியதற்காகப் பாராட்டலாம்.

எனக்கு ஒரு குறை உண்டு. திரையில் பாதிரியார் கொச்சைத் தமிழ் பேசுகிறார். நிஜத்தில் நமக்குச் சதுரகராதி தந்த வீரமாமுனிவர் ஒரு பாதிரியார். மட்டி, மடையன் என்று ஐந்து சீடர்களோடு திண்டாடுகிற பரமார்த்த குருவைப் படைத்தவரும் அவரே. ஒரு குருவே குருமாரைக் கேலி செய்திருக்கிறார் பாருங்கள்! நமக்கு இன்னும் பக்கத்தில் வாருங்கள். தனிநாயகம் அடிகளார் கத்தோலிக்கக் குரு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றவர். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டியவர். அங்கியோடு நின்று, பழந்தமிழை உலகத்து அறிஞர்களுக்கு எடுத்துச் சொன்ன அந்த மாதிரி ஒரு பாதிரியாரைக் கதையில், படத்தில் பார்க்க எனக்கு ஆசை. அதை எழுதப்போகிற பிள்ளை ஒருவேளை இந்த முன்வரிசையில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஐந்தாம் வகுப்பில் கட்டுரைப் போட்டிப் பரிசு இன்னும் கொடுக்கவில்லை என்று தலைமையாசிரியர் கண்ணைக் காட்டுகிறார். பிள்ளைகளைக் காக்க வைக்கக் கூடாது.