இடுப்பு நரம்பு வலியும் யுனானி மருத்துவமும்

(ஜொகூர், குளுவாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நிரையில் இறங்கி, நூற்றுக்கணக்கான மரங்களைக் குனிந்து குனிந்து சீவுகின்றீர்கள். பின்னர்ப் பாலைச் சேகரித்து, வாளி சுமந்து மேட்டிலும் பள்ளத்திலும் நடக்கின்றீர்கள். இவ்வுழைப்பின் சுமையைத் தாங்குவது உங்கள் இடுப்பு. அவ்விடுப்பில் தொடங்கும் ஒரு நோயைப் பற்றி இன்று உங்களோடு உரையாட விரும்புகின்றோம்.

"இடுப்பில் பிடித்த வலி தொடையின் பின்புறமாக இறங்கிக் குதிகால் வரை வெட்டி இழுக்கிறது, தும்மினால் மிகுகிறது, கால் மரத்துப் போகிறது" என்று கூறுவோர் நம்மிடையே பலர். இதனை வாயுப் பிடிப்பு என்று எண்ணிப் பேசாதிருந்து விடுவோரும் உண்டு. உண்மையில் இது நரம்பு சார்ந்த நோய். நம் உடலில் மிகத் தடித்த நரம்பு முதுகெலும்பின் அடியிலிருந்து புறப்பட்டுப் பிட்டத்தின் வழியே காலுக்குச் செல்கிறது. எலும்புகளுக்கிடையே மெத்தை போல் உள்ள வட்டு பிதுங்கி, இந்நரம்பின் வேரை அழுத்தும்போதே பெரும்பாலும் இவ்வலி உண்டாகிறது. ஆங்கில மருத்துவர் இதனைச் 'சியாட்டிகா' என்பர். யுனானி மருத்துவர் 'இர்க்குன்னஸா' என்பர்.

யுனானி என்னும் சொல்லுக்குக் கிரேக்க நாட்டைச் சார்ந்தது என்பது பொருள். கிரேக்க அறிஞர் இப்போக்கிரட்டீஸ் காலத்து மருத்துவக் கருத்துகளை அரபு, பாரசீக அறிஞர்கள் வளர்த்தனர். அவர்களுள் தலைசிறந்தவர் 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு சீனா. பின்னர் இம்மருத்துவம் இந்தியாவில் வேரூன்றியது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது.

இவ்வலிக்கு யுனானி மருத்துவர் மருந்தை மட்டும் நம்புவதில்லை. ஒத்தடம், எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்தல், அளவான உடற்பயிற்சி, உணவு ஒழுங்கு ஆகியவற்றையும் மேற்கொள்வர். நம் மலாய் அண்டை வீட்டார் 'பெக்காம்' என்றழைக்கும் குவளை வைக்கும் முறை, யுனானியில் 'ஹிஜாமா' எனப்படும்.

இவற்றால் பயன் உண்டா? ஒத்தடமும் மென்மையான பிடித்தலும் இறுகிய தசையைத் தளர்த்தி வலியைத் தணிக்கும். ஆயினும், பிதுங்கிய வட்டை இவை உள்ளே தள்ளிவிடும் என்று எவரேனும் உறுதி கூறினால் நம்பாதீர்கள். பெரும்பாலோர்க்கு இந்நோவு சில வாரங்களில் தானே தணிகிறது. ஆகவே, இடையில் உண்ட மருந்தே குணமாக்கியது என்று எண்ணத் தோன்றும்.

அந்த எண்ணமே சிலரைப் பெயரில்லாப் பொட்டலங்களிடம் கொண்டு சேர்க்கிறது. விலாசமற்ற வலி மாத்திரைகள் சிலவற்றில் 'டெக்சாமெத்தசோன்' என்னும் மருந்து மறைவாகக் கலக்கப்பட்டிருப்பதை நம் சுகாதார அமைச்சு பன்முறை கண்டறிந்துள்ளது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும். ஆனால் தொடர்ந்து உண்டால் முகம் வீங்கும், இனிப்பு நீர் ஏறும், எலும்பு தேயும். அதனைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. ஏற்கெனவே உண்டு வருவோர் மாத்திரையுடன் மருத்துவரிடம் செல்க. யுனானியில் பயன்படும் சூரிஞ்சான் கிழங்கும் அளவு மீறினால் நஞ்சாகும். எனவே, மருந்து வாங்கும்போது உறையில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் உள்ளதா என்று பாருங்கள்.

2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம், பாரம்பரிய இந்திய மருத்துவத்தை ஏற்றுள்ளது. யுனானியும் அதில் அடங்கும். பதிவு பெற்றவரா என்று கேட்பது உங்கள் உரிமை. ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையிலும் பாரம்பரிய மருத்துவப் பிரிவு உண்டு. மலாய் மரபு உடம்புப்பிடியும் அக்குபங்சரும் அங்கு அளிக்கப்படுகின்றன.

இனிப்பு நீர் உள்ளவர்கள் மரத்துப்போன காலில் சூடான ஒத்தடம் இடலாகாது. தீப்புண் ஏற்பட்டாலும் தெரியாது. கருவுற்ற தாய்மாரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் கீறிக் குவளை வைத்துக்கொள்ளலாகாது. ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தியை மற்றவருக்குப் பயன்படுத்த ஒருபோதும் இடந்தராதீர்கள்.

இறுதியாக ஒன்றை மனத்திற் பதியுங்கள். சிறுநீரோ மலமோ கட்டுக்கடங்காமல் போதல், சிறுநீர் கழிக்க இயலாமை, தொடைகளின் இடையே உணர்வு குன்றுதல், கால் வலுவிழந்து தொங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் எண்ணெயையும் ஒத்தடத்தையும் விட்டு, அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உடனே அறுவை மருத்துவம் தேவைப்படலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தாமதித்தால் இழந்த வலு திரும்பாமலே போகலாம்.

மற்றையோர் நாள் முழுதும் படுத்திராமல் இயன்றவரை நடமாடுக. தாழ்ந்த வெட்டைச் சீவும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குக. ஒரு கையில் நிறைவாளி சுமப்பதைவிட இரு கையிலும் அரைவாளி சுமப்பது நன்று.

மரத்தின் பட்டை காயம்படாமல் சீவக் கற்றவர்கள் நீங்கள். அதே கவனத்தை உங்கள் முதுகெலும்பிற்கும் அளியுங்கள்.