அந்நிய மண்ணில் அரையாண்டுக் கல்வி



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும் அன்னாரது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



பல்கலைக்கழகத்தில் பயிலும் உங்கள் மகனுக்கோ மகளுக்கோ ஒரு கடிதம் வருகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் ஒரு செமஸ்டர், அதாவது ஓர் அரையாண்டுப் பருவம் கற்று வர இடம் கிடைத்திருக்கிறது. 1987இல் ஐரோப்பாவில் தொடங்கிய எராஸ்முஸ் போன்ற பரிமாற்றத் திட்டங்கள் இன்று ஏனைய நாட்டு மாணவருக்கும் கதவைத் திறந்திருப்பதால், மாத்தளை மாவட்டத்துச் சிற்றூரொன்றின் வீட்டுக்கும் இத்தகைய கடிதம் வரலாம். வந்தவுடன் வீடு இரண்டுபடுகிறது. "பிள்ளையின் ஈமான் என்னாகும்?" என்று தாய் கலங்குகிறார். "நான்கைந்து மாதத்தில் எதைக் கற்றுவிடப் போகிறான்?" என்று பெரியவர்கள் வினவுகின்றனர். இவ்விரு கேள்விகளும் நியாயமானவை. அவற்றுக்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

சீன தேசம் சென்றாவது கல்வி தேடுமாறு ஏவும் செய்தியொன்று மேடைகளில் அடிக்கடி ஹதீஸாகக் கூறப்படுவதுண்டு. ஹதீஸ்கலை அறிஞர்கள் அதனைப் பலவீனமானதெனக் கண்டுள்ளனர். அதை விடவும் உறுதியான ஆதாரம் நம் கையிலேயே இருக்கிறது. வெள்ளிதோறும் நாம் ஓதும் சூரத்துல் கஹ்பில், நபி மூஸா (அலை) அவர்கள் ஹிழ்ர் (அலை) அவர்களைத் தேடிச் சென்ற வரலாறு வருகிறது. ஒரு நபியே கல்விக்காகப் பயணத்தின் களைப்பைத் தாங்கிச் சென்றார்கள். தாமாக விளக்கும்வரை எதைப் பற்றியும் கேட்கக் கூடாது என்பது ஆசிரியர் விதித்த நிபந்தனை. ஆயினும் ஓடத்தைத் துளையிட்டபோதும், சிறுவனின் உயிர் பறிக்கப்பட்டபோதும், உணவளிக்க மறுத்த ஊரில் கூலியின்றிச் சுவர் எழுப்பப்பட்டபோதும் மூஸா (அலை) அவர்களால் பேசாதிருக்க முடியவில்லை. மூன்றாவது முறையோடு அந்தக் கல்விப் பயணம் முடிவுற்றது. அவர்கள் இன்னும் பொறுமை காத்திருந்தால் மேலும் பல விடயங்கள் நமக்குத் தெரிய வந்திருக்கும் என நபி (ஸல்) அவர்கள் விரும்பிக் கூறியதாக ஸஹீஹான அறிவிப்பில் காணலாம்.

சகோதரர்களே! அந்நிய மண்ணில் கற்கச் செல்பவருக்கு இதில் பெரும் படிப்பினை உண்டு. காரணம் விளங்குமுன் தீர்ப்புக் கூறினால் கற்றல் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஆனால் ஹிழ்ர் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் தனியான ஞானத்தை வழங்கியிருந்தான். ஆகவே இச்சம்பவத்தைக் காட்டி ஹராமானதை எவரும் ஆகுமாக்கிக் கொள்ள முடியாது. அப்படியாயின் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது?

மார்க்கம் ஒன்று, வழக்கம் வேறொன்று. மது, பன்றியிறைச்சி, தொழுகையைப் பாழாக்குதல், கற்பொழுக்கம் தவறுதல் ஆகியவற்றில் எந்த நாட்டிலும் விட்டுக்கொடுப்பு இல்லை. அதேவேளை, நாம் ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து கையால் உண்கிறோம். அவர்கள் மேசையில் தனித்தனித் தட்டில் உண்கின்றனர். நம் மாணவர் ஆசிரியர் முன் தலைதாழ்த்தி மௌனமாக இருப்பது மரியாதை. அங்கு பல வகுப்பறைகளில் ஆசிரியரை எதிர்த்துக் கேள்வி கேட்பதே ஊக்கத்தின் அடையாளம். இவை வழக்கங்கள். வழக்கத்தை மார்க்கமாக எண்ணிவிடுபவர் அங்கு காண்பதையெல்லாம் வெறுத்து, அறைக்குள் அடைபட்டுத் திரும்புகிறார். மார்க்கத்தை வெறும் வழக்கமாக எண்ணிவிடுபவரோ அதை விமான நிலையத்திலேயே இறக்கி வைத்துவிடுகிறார். இரண்டுமே நட்டம்.

இபாதத்தின் சட்டங்களையும் புறப்படுமுன் கற்றுக்கொள்ள வேண்டும். மாத்தளையில் மஃரிபின் நேரம் ஆண்டு முழுவதிலும் ஒரு மணி நேரம்கூட முன்பின்னாவதில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலோ டிசம்பர் மாதம் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நண்பகலிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் ளுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வந்துவிடுகின்றன. வகுப்பு அட்டவணையைப் பார்த்து முன்கூட்டியே ஏற்பாடு செய்யாதவருக்குத் தொழுகை களாவாகும். ஓரூரில் நான்கு நாட்களோ அதற்கு மேலோ தங்க நிய்யத் வைத்தவர் கஸ்ர் செய்ய முடியாது, முழுமையாகவே தொழ வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். மாதக்கணக்கில் தங்கும் மாணவர் இதை மறந்துவிடலாகாது.

இவ்விரண்டையும் வேறு பிரித்தறிந்த ஓர் ஆலிமை வரலாறு நமக்குக் காட்டுகிறது. 1826இல் எகிப்தின் ஆட்சியாளர் முஹம்மத் அலி, நாற்பதுக்கும் அதிகமான மாணவர்களைப் பாரிஸுக்கு அனுப்பினார். அவர்களுக்குத் தொழுகை நடத்தும் இமாமாகச் சென்றவர் அல்அஸ்ஹரில் கற்ற ரிபாஆ ராபிஉ அத்தஹ்தாவி. 1801இல் பிறந்த அவர் அப்போது இளைஞர். கற்பதற்காக அன்றி மாணவர்களின் மார்க்கத்தைக் காப்பதற்காக அனுப்பப்பட்டவர், பிரெஞ்சு மொழியைக் கற்று அக்குழுவின் சிறந்த மாணவருள் ஒருவரானார். தாம் கண்ட பாரிஸை நூலாக எழுதினார். பாராட்ட வேண்டியதைப் பாராட்டினார். ஏற்க முடியாததை ஏற்கவில்லை. 1831இல் நாடு திரும்பினார். 1835இல் கெய்ரோவில் மொழிகளுக்கான கல்லூரியைத் தொடங்கினார். அவரும் அவருடைய மாணவர்களும் ஏராளமான நூல்களை அறபுக்குக் கொண்டு வந்தனர். அவர் இமாமாகவே சென்றார், இமாமாகவே திரும்பினார். இடையில் கற்றது ஒரு சமூகத்துக்கே பயன்பட்டது.

"அவர் ஐந்தாண்டுகள் இருந்தாரே, அரையாண்டு போதுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டின் அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களைப் பாருங்கள். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். அரச புலமைப்பரிசில் பெற்று கேம்பிரிட்ஜின் செயின்ட் கெதரின்ஸ் கல்லூரிக்குச் சென்றார். ஆயினும் இலங்கை சிவில் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்தமையால் ஒரு தவணையோடு திரும்பி, 1935இல் அச்சேவையின் முதல் முஸ்லிம் அதிகாரியானார். அங்கு அவர் இருந்தது ஒரே தவணைதான். பின்னர் 1945இல், வசதியற்ற மாணவருக்காக இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவாக உழைத்தார். 1948இல் உயர் பதவியைத் துறந்து, கொழும்பு ஸாஹிராவின் அதிபர் பொறுப்பை ஏற்று 1961வரை அதைக் கட்டி வளர்த்தார்.

அந்த ஒரு தவணைதான் அவரை ஆக்கியது என்று நாம் கூறவில்லை. அதற்கு நெடுங்காலம் முன்பே, குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய அச்சிறுவர் இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், பின்னர் யாழ் இந்துக் கல்லூரியிலும் பயின்றார். பிற சமயத்தார் நடுவே முஸ்லிமாக வாழவும் அவர்களிடமிருந்து கற்கவும் பிறந்த ஊரிலேயே பழகியிருந்தார். அந்நிய மண்ணுக்கான ஆயத்தம் சொந்த மண்ணில்தான் நடைபெறுகிறது.

மாத்தளை வாசிகளாகிய நமக்கு இப்பாக்கியம் வாசலிலேயே கிடைத்திருக்கிறது. ஒரே நகரில் பள்ளிவாசலின் அதான் ஒலிக்கிறது. முத்துமாரியம்மன் தேர் ஓடுகிறது. சற்றுத் தொலைவில், பௌத்தர்களின் திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட அலுவிகாரை இருக்கிறது. அடுத்த வீட்டாரின் சிங்கள மொழியை ஒழுங்காகப் பேசத் தெரியாதவர், அவர்களின் துக்க வீட்டுக்குச் சென்று ஆறுதல் கூறத் தெரியாதவர், கடல் கடந்து சென்று எந்த மனிதரை அறியப் போகிறார்?

எனவே பெற்றோரே! பயத்தினால் மட்டும் கதவை மூடாதீர்கள். தொழுகையிலும் உணவிலும் ஒழுக்கத்திலும் பிள்ளையின் நிலையை இப்போதே பாருங்கள். இங்கு எழுப்பாமல் ஸுபஹுக்கு எழும் பிள்ளை அங்கும் எழும். இங்கு எழாத பிள்ளைக்கு மாத்தளையும் ஆபத்தான ஊர்தான். தங்குமிடம், ஜும்ஆ நடைபெறும் இடம், ஹலாலான உணவு ஆகியவற்றை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைக்கு இதில் இன்னும் கூடுதலான கவனம் தேவை.

மாணவரே! இரவு பகலாகக் கைத்தொலைபேசியில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால் உடல் மட்டுமே வெளிநாட்டில் இருக்கும். அந்நாட்டு மொழியில் தினமும் சில சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டவரல்லாத ஒருவரையேனும் நண்பராக்குங்கள். ஏன் மது அருந்துவதில்லை என்று கேட்டால் கோபப்படாமல் தெளிவாகக் கூறுங்கள். உங்களுக்கு விளங்காத ஒன்றைக் கண்டால், வெறுக்குமுன் காரணம் கேளுங்கள். திரும்பி வந்தபின், பெற்றதில் ஒரு பங்கை உங்கள் ஊர்ப் பாடசாலையின் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதுவே அந்தக் கல்வியின் ஸகாத்தாகும்.

மனிதர்களைப் பல சமூகங்களாகப் படைத்தது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்காகவே என்பதை ஸூரத்துல் ஹுஜுராத் நமக்கு உணர்த்துகிறது. பயணம் செல்லும் நம் பிள்ளைகளின் ஈமானை அல்லாஹ் பாதுகாப்பானாக! பயனுள்ள அறிவோடு அவர்களைத் தம் வீடுகளுக்குத் திருப்பித் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.